பிஎச் மருந்தை ஊற்றும் முன் கேஎச்சைப் பாருங்கள்

போன வாரம் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றடி நீளத்தில் செடி வைத்த மீன் தொட்டி, நான்கு வருடமாக நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடி புதர் மாதிரி வளர்ந்து முன் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த இலைகளுக்கு நடுவே 18 நியான் டெட்ரா மீன்கள் செத்துக் கிடந்தன. "ராத்திரி நல்லா தின்னுச்சு தம்பி. பிஎச் குறைஞ்சிருக்குன்னு மருந்து மட்டும்தான் ஊத்தினேன்" என்றார் வீட்டுக்கார அங்கிள். பிஎச் என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், குறையக் குறைய அமிலம். அதற்கு மேல் நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்த வருடம் இதே கதையைக் கேட்பது இது ஆறாவது தடவை. தொட்டிப் பராமரிப்பு வேலைக்கு நடுவே உட்கார்ந்து இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

பையிலிருந்த தண்ணீர்ச் சோதனை கிட்டை எடுத்து முதலில் கேஎச் பார்த்தேன். தண்ணீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்று காட்டும் அளவு அது. 5 மில்லி தண்ணீரில் சோதனை மருந்தை ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். நீலம் மஞ்சளாக மாற எத்தனை சொட்டு பிடிக்கிறதோ அத்தனை டிகிரி. அங்கிள் தொட்டித் தண்ணீரில் நீலம் வரவே இல்லை, முதல் சொட்டிலேயே மஞ்சள். அங்கிள் ஊற்றிய மருந்தின் தாங்கும் சக்தியும் ஒரே ராத்திரியில் தீர்ந்துபோயிருந்தது. அடுத்து அமோனியா. அது கரும்பச்சை, அதாவது ஏராளம். மீன் எப்படிச் செத்தது என்பதை இந்த இரண்டு சோதனைக் குழாய்களுமே சொல்லிவிட்டன.

நம்மில் பலர் பிஎச்சை வீட்டு விளக்கின் சுவிட்ச் மாதிரி நினைக்கிறார்கள். குறைந்தால் ஏற்றலாம், கூடினால் இறக்கலாம். கடையிலும் அதற்கென்றே இரண்டு பாட்டில்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால் பிஎச் தானாக நிற்கிற எண் இல்லை. அதைத் தாங்கிப் பிடிப்பது தண்ணீரின் காரத்தன்மை, முக்கியமாக அதிலிருக்கும் பைகார்பனேட். அதைத்தான் கேஎச் என்று அளக்கிறோம். ஒரு டிகிரி என்பது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 17.9 மில்லிகிராம். அந்தத் தாங்கல் தீர்ந்த தண்ணீரில் பிஎச்சை மட்டும் ஏற்றுவது, தூண் உளுத்த வீட்டுக்குக் கூரையை மட்டும் மாற்றுகிற வேலை.

இதில் நம் ஊர்த் தண்ணீர் வேறு ஏமாற்றும். கோலாலம்பூரில் குழாய்த் தண்ணீர் மென்மையானது. மழைநீரும் மலை ஆற்று நீரும்தானே. நான் போகிற வீடுகளில் கேஎச் பெரும்பாலும் 1 அல்லது 2தான் வருகிறது. குழாய் அரிக்காமல் இருக்கச் சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பு சேர்ப்பதால் குழாயடியில் பிஎச் மட்டும் 7.5க்கு மேலே காட்டும். அதைப் பார்த்துவிட்டு "நம்ம தண்ணி காரத் தண்ணி" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தாங்கல் ஏதும் இல்லாத 7.5 அது. வீட்டில் உப்புகளையெல்லாம் வடிகட்டிவிடும் ஆர்ஓ ஃபில்டர் இருந்து அந்தத் தண்ணீரையே ஊற்றுபவர்களுக்கு அந்த ஒன்றிரண்டு டிகிரியும் கிடையாது.

ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா மீன் கழிவின் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது எல்லாருக்கும் தெரியும். அந்த வேலை கேஎச்சைத் தின்றுதான் நடக்கிறது. இப்படி லிட்டருக்கு உண்டாகும் ஒவ்வொரு 11 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கும் கேஎச்சில் ஏறக்குறைய ஒரு டிகிரி போய்விடும். தண்ணீர் மாற்றுவதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் கணக்கு என்னவாகும் என்று பாருங்கள். கேஎச் தீர்ந்ததும் பிஎச் 6க்குக் கீழே இறங்கும், பாக்டீரியா மந்தமாகிவிடும், அமோனியா சேரும். ஆனால் அந்த அமிலத் தண்ணீரில் அது ஏறக்குறைய முழுக்க, நச்சு குறைந்த அமோனியம் என்ற வடிவில் இருப்பதால் மீனுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. மீன் நீந்தும், தின்னும். நாமும் நிம்மதியாக இருப்போம்.

அப்போது யாரோ பிஎச்சைச் சோதிக்கிறார்கள், பயந்து பாட்டிலைத் திறக்கிறார்கள். பிஎச் ஒரு எண் ஏறினால் நச்சு அமோனியாவின் பங்கு பத்து மடங்காகும். 6லிருந்து 7.5க்குப் போனால் ஏறக்குறைய 30 மடங்கு. செந்தூலில் நடந்தது அதுதான். மருந்து இருக்கட்டும், அப்படிப்பட்ட தொட்டியில் பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றினாலும் இதேதான் நடக்கும். நல்லது செய்வதாக நினைத்துச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"நம்ம சதுப்புக் காட்டுல பிஎச் 4ல மீன் வாழலையா?" என்று கேட்பார்கள். வாழ்கிறது. அந்தத் தேநீர் நிறத் தண்ணீரில் மூன்றடிக்குள் அடைத்த மீன் கூட்டமும் இல்லை, மிஞ்சிய தீனியும் இல்லை.

செடிக்காகச் சிஓ2 (கரியமில வாயு) சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலில் உங்கள் பிஎச் ஒரு எண் இறங்குவது கேஎச் குறைந்ததால் இல்லை, வாயு கரைந்ததால். கேஎச் 4, பிஎச் 6.6 என்றால் லிட்டருக்கு 30 மில்லிகிராம் சிஓ2 இருக்கிறது, செடிக்கு அது போதும். அந்த இறக்கத்தைப் பார்த்து ஆப்ப சோடா கொட்டாதீர்கள். கெத்தாபாங் (நாட்டு வாதுமை) இலை ஊறிய தண்ணீரில் இந்தக் கணக்கை நம்பவும் வேண்டாம், இலையின் அமிலம் கணக்கைக் குழப்பிவிடும்.

சரி, என்ன செய்யலாம்? வாரம் ஒரு முறை கேஎச் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. செடித் தொட்டிக்கு 2 முதல் 4 வரை இருந்தால் போதும். ஏற்ற வேண்டுமானால் 100 லிட்டருக்கு 3 கிராம் ஆப்ப சோடா ஒரு டிகிரியை உயர்த்தும். அதையும் ஒரு நாளைக்கு அரை டிகிரிக்கு மேல் போடாதீர்கள், தராசில் நிறுத்துப் போடுங்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைத் தொடவே வேண்டாம். ஃபில்டரில் ஒரு சிறு வலைப் பையில் பவளக்கல் போட்டால் மெதுவாகத் தானே கரையும். பத்துமலைப் பக்கம் பொறுக்கிய கல்லை அழகுக்கு வைப்பவர்கள் முதலில் அதன்மேல் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், அது கேஎச்சை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

பிஎச் ஏற்கெனவே 6ஐத் தொட்டுவிட்டதா? பல கிட்களில் 6தான் கடைசி நிறம், உண்மையில் 5ஆகக்கூட இருக்கலாம். அப்போது முதலில் அமோனியாவைச் சோதியுங்கள். அமோனியா இருந்தால் சோடா, பவளக்கல் எதுவும் இப்போது கூடாது. தீனியை நிறுத்துங்கள், குளோரின் நீக்கிய தண்ணீரை ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். அமோனியா இறங்கிய பிறகுதான் கேஎச்சை ஏற்ற வேண்டும்.

அங்கிள் வீட்டில் மீதி ஆறு ரஸ்போரா மீன்களை அப்படித்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். நேற்று அமோனியாக் குழாய் இளம்பச்சைக்கு வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். உங்கள் வீட்டில் இந்த நிலை வந்தால், ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை, இரண்டு குழாய்களையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் பதில் போடும் வரை அந்தப் பாட்டிலை மட்டும் திறக்காதீர்கள்.