ராக்டைம்: கந்தல் தாளமா, தள்ளுமெட்டா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் உருவான பியானோ இசை ராக்டைம். அதில் இருக்கும் 'ராக்' நம் ராகம் இல்லை. இந்துஸ்தானிக்காரர்கள் சொல்லும் ராக்கும் இல்லை, ராக் அண்ட் ரோலும் இல்லை. தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடுவதால் வரும் குழப்பம் இது. இந்த 'ராக்' கிழிந்த துணி, கந்தல். கூடவே வரும் 'டைம்', இசைக்காரர்கள் பேச்சில் தாளக்கட்டு. ஆக, சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கந்தல் தாளம்'.

ஓரம் பிய்ந்த துணிபோலப் பிசிறடிக்கும் தாளம் என்பதால் இந்தப் பெயர் என்பதே பரவலான விளக்கம். கறுப்பின மக்கள் கூடி ஆடிய கொண்டாட்டத்துக்கே 'ராக்' என்று பெயர் இருந்தது, இசைக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது என்பாரும் உண்டு. வினைச்சொல்லாகவும் வழங்கியது: ஒரு மெட்டை 'ராக்' செய்வது என்றால், ஊருக்கே தெரிந்த அணிவகுப்பு மெட்டு ஒன்றை எடுத்து, அழுத்தம் விழும் இடங்களை மாற்றி வாசிப்பது. நம் கல்லூரிகளின் ராகிங் நினைவுக்கு வந்தால் வரட்டும். ஒழுங்காக நடந்துபோகும் மெட்டைப் பிடித்து நிறுத்திச் சீண்டுவதும் ஒரு விதத்தில் அதுதானே.

பெயரில் ஏளனம் கலந்திருந்தது. ராக்டைமின் தலைமகனாகக் கருதப்படும் ஸ்காட் ஜாப்ளினே 1908இல் வெளியிட்ட பயிற்சி நூலில், இழிவாக ராக்டைம் என்று அழைக்கப்படும் இந்த இசை நிலைத்து நிற்கப்போகிறது என்று எழுதினார். தமிழிலும் அதே சிக்கல்தான். 'பிசிறில்லாமல் பாடினார்' என்பது நமக்குப் பாராட்டு. கந்தல், பிசிறு என்றெல்லாம் பெயர் வைத்தால் வாசிக்கத் தெரியாதவர் வாசித்த இசை என்றே தோன்றும்.

அதைவிடப் பெரிய குறை, அந்தப் பெயர் பொருளாலும் தவறு. ராக்டைமில் தாளம் கந்தலாவதே இல்லை. செய்து பார்த்தால் புரியும். 'தக தக தக தக' என்று சொல்லிக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு 'த'விலும் தொடையைத் தட்டுங்கள். வலது கையால் முதல் 'த'வில் ஒன்று, அதை ஒட்டிய 'க'வில் ஒன்று தட்டுங்கள். அடுத்த 'த'வை விட்டுவிட்டு அதன் 'க'வைப் பிடியுங்கள். பிறகு மூன்றாவது 'த', நான்காவது 'த'. முதலில் வலது கை இடது கையையும் இழுத்துக்கொண்டு ஓடும். பொறுமையாகப் பத்து முறை செய்தால் பிடிபடும். கேக்வாக் என்ற நடனத்தின் வழியாக ராக்டைமுக்கு வந்த அச்சு இது. பியானோவிலும் இதேதான்: இடது கை கீழே ஒரு சுரம், மேலே ஒரு சுரக்கொத்து என்று கடிகாரம்போல நடக்கிறது, வலது கையின் மெட்டு அடி விழும் இடத்தை விட்டு முன்னும் பின்னும் நழுவுகிறது. இடது கை பிசகினால் வலது கையின் குறும்பு காதில் ஏறாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? கர்நாடக இசையில் பாட்டு தாளத்தின் தொடக்கத்தில் எடுக்காமல் பிந்தி எடுத்தால் 'அரை இடம் தள்ளி', 'ஒன்றரை இடம் தள்ளி' என்பார்கள். அது எடுப்பை மட்டும் பற்றிய பேச்சு. ராக்டைமில் தள்ளுதல் வழிநெடுக நடக்கிறது. இருந்தாலும் 'தள்ளி' என்ற அந்தச் சொல்லை விட மனமில்லை. தள்ளுவது மெட்டு, தாளம் அப்படியே நிற்கிறது. ஆகவே 'தள்ளுமெட்டு' என்பது என் பரிந்துரை. தள்ளுவண்டி, தள்ளுபடி வரிசையில் சேர்ந்துவிடும் என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். சேரட்டுமே. 'துள்ளிசை' காதுக்கு இனிக்கிறது, ஆனால் வேகத்தை நினைவூட்டுகிறது. ராக்டைமை வேகமாக வாசிப்பது ஒருபோதும் சரியாகாது என்று ஜாப்ளின் தன் இசைத்தாள்களிலேயே அச்சிட்டு வைத்திருக்கிறார். வகையின் பெயராக ராக்டைம் அப்படியே இருக்கலாம். அது என்ன என்று விளக்கும்போது தள்ளுமெட்டு.

ஜாப்ளின் வாழ்ந்த ஊர்களில் ஒன்று, மிசூரி மாநிலத்து ரயில்வே ஊரான செடேலியா. அவருடைய 'மேப்பிள் லீஃப் ராக்' 1899இல் அங்கேதான், ஜான் ஸ்டார்க் என்ற இசைக்கடைக்காரரின் வெளியீடாக வந்தது. பிரதிக்கு ஒரு சென்ட் உரிமைத்தொகை என்பது ஒப்பந்தம். அதே ஊரில் 1974இல் ஜாப்ளின் பெயரால் ராக்டைம் விழா தொடங்கினார்கள். வேறு ஊர்களின் ஜாஸ் விழாக்களிலும் ராக்டைமுக்கு ஒரு மேடை கிடைப்பதுண்டு. அதனால் இரண்டும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. ராக்டைம் பெரும்பாலும் எழுதிவைத்த இசை, தாளில் உள்ளபடி வாசிப்பது. ஜாஸுக்கு உயிர், மேடையிலேயே பிறக்கும் கற்பனை.

வேறுபாட்டைக் காதாலேயே கேட்கவும் வழி உண்டு. 1938இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஒலிப்பதிவுக்காக ஜாஸின் தொடக்ககாலப் பியானோக் கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் பியானோ முன் அமர்ந்தார். 'மேப்பிள் லீஃப் ராக்'கை மிசூரிக்காரர்கள் வாசிக்கும் விதத்தில் ஒருமுறை வாசித்தார். அப்புறம் அதே பாட்டைத் தன் நியூ ஆர்லியன்ஸ் பாணியில் வாசித்தார். முதலாவது ராக்டைம், இரண்டாவது ஜாஸ்.