இன்டர்போல்: பன்னாட்டுக் காவல் கூட்டமைப்பு

தந்தி முகவரியாகப் பிறந்த சொல் இது. 1923-இல் வியன்னாவில் தொடங்கிய பன்னாட்டுக் குற்றக் காவல் ஆணையம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946-இல் புத்துயிர் பெற்றபோது, தந்திக்கு ஏற்ற சுருக்க முகவரியாக 'இன்டர்போல்' என்பதைத் தேர்ந்துகொண்டது. 1956-இல் புதிய அமைப்புச் சட்டம் வந்தபோது முகவரி, பெயரிலேயே இடம்பிடித்துவிட்டது.

'இன்டர்' என்றால் இடையே. 'போல்' என்பது போலீஸ் என்பதன் குறுக்கம். போலீஸ் பிரெஞ்சுச் சொல். லத்தீன் வழியாகக் கிரேக்க மொழியின் நகரத்தைக் குறிக்கும் 'போலிஸ்' வரை அதன் வேர் செல்கிறது. நகரை நிர்வகிப்பது என்ற பழம்பொருள் காலப்போக்கில் சுருங்கிக் காவல் என்றாயிற்று. நம் 'காவல்' அப்படிச் சுற்றிவரவில்லை; காத்தல் என்னும் பொருள்தரும் 'கா' என்ற வினையிலிருந்து நேராக வந்தது.

தமிழில் 'சர்வதேச போலீஸ்' என்று எழுதுவது வழக்கம். இலங்கையில் 'சர்வதேச பொலிஸ்'. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. 'சர்வதேசம்' வடசொல் என்பதைவிடப் பெரிய குறை, உலகம் முழுவதும் சென்று கைதுசெய்யும் படை ஒன்று இருப்பதாக அது நம்பவைப்பதுதான். அப்படி ஒரு படை இல்லை. 196 உறுப்பு நாடுகளிலும் தேசிய மையப் பணியகம் ஒன்று உண்டு. இந்தியாவில் அந்தப் பொறுப்பு சிபிஐயிடம் இருக்கிறது. பிரான்சின் லியோன் நகரத் தலைமையகம் வழியாக இவை தகவல் பரிமாறிக்கொள்கின்றன. கைது செய்வது அந்தந்த நாட்டுக் காவலரே. ஆகவே 'பன்னாட்டுக் காவல் கூட்டமைப்பு' என்பதே பொருத்தம். முழுப்பெயர் வேண்டுமானால் 'பன்னாட்டுக் குற்றவியல் காவல் அமைப்பு' என்னலாம். மலேசியத் தமிழரின் 'அனைத்துலக' என்ற சொல்லும் அழகானது. ஆனால் எல்லா நாடுகளும் உறுப்பினரல்ல என்பதால் இங்கே 'பன்னாடு' கூடுதல் துல்லியம்.

இந்த அமைப்பின் சட்டத்தில் மூன்றாம் பிரிவை அறிந்திருக்க வேண்டும்: அரசியல், இராணுவம், சமயம், இனம் சார்ந்த எதிலும் அது தலையிடக் கூடாது. 1938-இல் ஆஸ்திரியாவை விழுங்கிய நாஜிகள் ஆணையத்தையும் கைப்பற்றிப் பின்னர் பெர்லினுக்கு மாற்றிய வரலாற்றை நினைத்தால் இந்தத் தடையின் அருமை விளங்கும்.

நம் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் 'ரெட் கார்னர் நோட்டீஸ்', தேடப்படுபவரைப் பற்றி உறுப்பு நாடுகளுக்கு அனுப்பும் 'சிவப்பு அறிவிப்பு'. கண்டுபிடித்துத் தற்காலிகமாகக் கைதுசெய்யக் கோரும் வேண்டுகோள் அது, பிடியாணை அன்று. அதற்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படியே முடிவுசெய்கிறது. 'சர்வதேசப் பிடியாணை' என்று எழுதும் செய்தியாளர்கள் அதைக் கைவிட வேண்டும்.