பால்பொதுப் பணிப்பெயர்: 'மேன்' போன இடத்தில் 'ஆள்'

'ஜென்டர் நியூட்ரல் ஜாப் டைட்டில்' என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். ஒரு பதவியின் பெயரைக் கேட்டதும் அதில் இருப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியக்கூடாது, இருவருக்கும் அதே பெயர் பொருந்த வேண்டும் என்பதுதான் கருத்து. தமிழில் இதைப் 'பாலின நடுநிலைப் பணிப்பெயர்' என்று மொழிபெயர்க்கிறார்கள். அந்த 'நடுநிலை' எனக்கு ஒட்டவில்லை. இரண்டு பேர் வழக்காடும்போது யார் பக்கமும் சாயாமல் இருப்பது நடுநிலை. இங்கே வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. ஒரு பெயர் இருவருக்கும் பொதுவாக இருக்கிறது, அவ்வளவுதான். நம் இலக்கணம் இதற்குப் 'பொது' என்ற சொல்லையே வைத்திருக்கிறது: இருபாற் பொதுப்பெயர். அதை ஒட்டிப் 'பால்பொதுப் பணிப்பெயர்' என்று சொன்னால் சரியாக இருக்கும்.

இந்தச் சொல்லின் தேவை அதிகம் பேசப்பட்ட இடம் ராணுவம். ஆங்கிலம் பேசும் நாடுகளின் படைகளில் சீமேன், ஏர்மேன், ரைஃபிள்மேன் என்று 'மேன்' ஒட்டிய பெயர்கள் ஏராளம். 2015 டிசம்பரில் அமெரிக்கா எல்லாப் போர்ப் பணிகளையும் பெண்களுக்குத் திறந்துவிட்டது. அடுத்த மாதமே கடற்படைத் துறையின் செயலர் ரே மேபஸ், தம் பொறுப்பில் இருந்த கடற்படையும், கடல்வழியே சென்று தரையில் போரிடும் மரீன் படையும் பணிப்பெயர்களை ஆராய்ந்து 'மேன்' வரும் இடங்களை மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டார்.

மரீன் படை 2016 ஜூனில் 19 பெயர்களை மாற்றியது. பெரும்பாலும் 'மேன்' இருந்த இடத்தில் 'மரீன்' என்று போட்டார்கள். இன்ஃபன்ட்ரிமேன் என்பவர் இன்ஃபன்ட்ரி மரீன் ஆனார். ஆனால் துப்பாக்கி ஏந்தும் ரைஃபிள்மேன், சிறு பீரங்கி இயக்கும் மோர்ட்டர்மேன் இரண்டையும் தொடவில்லை. ஒவ்வொரு மரீனும் முதலில் ஒரு ரைஃபிள்மேன் என்பது அந்தப் படையின் பழைய வாக்கு. அந்தச் சொல்லை எடுத்தால் படையின் நெஞ்சில் கை வைத்த மாதிரி ஆகிவிடும்.

கடற்படையில் நடந்ததுதான் பெரிய பாடம். 2016 செப்டம்பரில் அவர்கள் 'மேன்' என்ற ஒட்டை மட்டும் எடுக்காமல், தொழிலைச் சொல்லும் பெயர்களையே மொத்தமாக எடுத்துவிட்டார்கள். அதுவரை மருத்துவ உதவியாளர் ஹாஸ்பிட்டல் கோர்ஸ்மேன், கப்பலின் மேல்தளத்தில் வேலை பார்ப்பவர் போட்ஸ்வைன்ஸ் மேட் என்று அவரவர் தொழிற்பெயரோடு அழைக்கப்பட்டார்கள். இனிமேல் எல்லாரும் 'பெட்டி ஆபீசர் இரண்டாம் நிலை' என்பதுபோல வெறும் நிலையால் மட்டுமே அழைக்கப்படுவார்கள் என்றார்கள். படைக்குள் கொதிப்பு எழுந்தது. வெள்ளை மாளிகைக்குப் போன மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். டிசம்பர் 21 அன்று பழைய பெயர்கள் திரும்பி வந்தன. இதைப் பெண்களுக்கு எதிரான கோபம் என்று மட்டும் படிப்பது தவறு. தாம் கற்ற தொழிலின் பெயர் பறிபோனதே அவர்களைச் சுட்டது. பால்பொதுப் பெயர் வைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். ஒட்டு போகலாம், தொழில் போகக்கூடாது.

கனடா 2020-இல் இதைப் பக்குவமாகச் செய்தது. 'சீமேன்' போய் 'செய்லர்' வந்தது. ஆர்டினரி சீமேன் என்பவர் மூன்றாம் வகுப்பு செய்லர், மாஸ்டர் சீமேன் என்பவர் மாஸ்டர் செய்லர். அங்கே பிரெஞ்சும் ஆட்சிமொழி. பிரெஞ்சில் அந்தப் பதவிகளுக்கு ஏற்கெனவே 'மத்தலோ', அதாவது கப்பலாள், என்றுதான் பெயர். அதனால் அந்தப் பக்கம் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒரே படையில், ஒரே பதவியில், ஒரு மொழிக்குச் சிக்கல், இன்னொரு மொழிக்கு இல்லை. பிரிட்டனின் விமானப்படையும் 2022-இல் ஏர்கிராஃப்ட்மேன் வகைப் பதவிப்பெயர்களை விட்டு 'ஏர் ஸ்பெஷலிஸ்ட்' போன்றவற்றுக்கு மாறியது. அமெரிக்க விமானப்படையோ இன்னும் 'ஏர்மேன்' என்பதை இருபாலாருக்கும் சேர்த்தே சொல்கிறது.

சரி, 'மேன்' உண்மையிலேயே ஆண்தானா? பழைய ஆங்கிலத்தில் அது 'மனிதர்' என்ற பொதுச்சொல். ஆணுக்கு 'வெர்', பெண்ணுக்கு 'வீஃப்' என்று தனிச் சொற்கள் இருந்தன. நாளடைவில் 'வெர்' வழக்கொழிந்தது. ஓநாய் மனிதனைக் குறிக்கும் 'வெர்வுல்ஃப்' போன்ற சில சொற்களில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலியான இடத்தில் 'மேன்' போய் உட்கார்ந்து, பொதுச்சொல்லாக இருந்தது ஆண்சொல்லாகச் சுருங்கிவிட்டது.

இனி நம் 'வீரர்'. மூலம் வடமொழி 'வீர'. அதன் பழம்பொருள் ஆண், ஆண்மகன். லத்தீனில் ஆணைக் குறிக்கும் 'விர்', மேலே சொன்ன பழைய ஆங்கில 'வெர்', நம் 'வீர' மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆங்கிலத்தில் பொதுவாகப் பிறந்த சொல் ஆணாகச் சுருங்கியது. ஆணாகப் பிறந்த 'வீர' தமிழுக்கு வந்து 'அர்' விகுதி ஏற்று 'வீரர்' என்று பொதுவாக விரிந்துவிட்டது. இதை முதன்முதலில் உணர்ந்தபோது எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

இந்த விரிவுக்கு வழிசெய்தது தமிழின் ரகர ஈறு. ஆணுக்கு ன், பெண்ணுக்கு ள், பலருக்கு ர் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. அதே நூல் 'ஒருவர்' என்ற பெயர் இருபாலுக்கும் உரியது என்றும் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. பன்மை ஈறு ஒருமைக்கு வரும்போது ஆண், பெண் பிரிவு தானே மறைந்துவிடுகிறது. காவலர், ஆய்வாளர், ஆணையர் எல்லாம் இப்படி வந்தவை. தமிழ்நாடு காவல்துறையில் 1973 முதல் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் 'காவலர்' என்ற சொல்லை யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

'மேன்' என்பதற்கு நேரான தமிழ் எது என்று கேட்டால் நான் 'ஆள்' என்பேன். நடவுக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் பெண்களைத்தான் எண்ணுவார்கள். 'என் ஆளு' என்று காதலனையும் சொல்கிறார்கள், காதலியையும் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் 'வயர்மேன்' என்று இருப்பதைத் தமிழ்நாட்டு அரசுத் தேர்வு அறிவிப்புகள் 'கம்பியாள்' என்று எழுதுகின்றன. 'மேன்' அங்கே சத்தமில்லாமல் 'ஆள்' ஆகிவிட்டது. ஆங்கிலம் பேசும் நாடுகளின் படைகள் சில 'அன்மேன்ட்' விமானத்தை 'அன்க்ரூட்' என்று மாற்றிக்கொண்டிருக்க, நாம் முதலிலிருந்தே 'ஆளில்லா விமானம்' என்கிறோம். எல்லாவற்றுக்கும் மேல், காலாட்படை என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: காலாள் + படை. மரீன் படை 2016-இல் திருத்திய அந்த இன்ஃபன்ட்ரிமேனுக்கு நம்மிடம் எப்போதோ 'காலாள்' இருந்தது.

மற்றவற்றுக்கும் சொல் தேடலாம். சீமேன், செய்லர் இரண்டுக்கும் மாலுமி போதும். அது அரபியின் 'முஅல்லிம்' வழியே வந்தது என்பார்கள். தனித்தமிழ் வேண்டுவோருக்குக் கடலோடி இருக்கிறது. ஏர்மேனுக்கு 'வானோடி' என்று எழுதக்கூடாது. ஈழத்தமிழில் வானோடி என்றால் விமானத்தை ஓட்டுபவர். ஏர்மேன்களில் பலர் தரையில் இருந்து எஞ்சினைப் பழுது பார்ப்பவர்கள். அவர்களையும் சேர்த்துச் சொல்ல 'வான்படையாளர்' பொருந்தும். இந்திய ராணுவத்தின் கிராஃப்ட்ஸ்மேனுக்கு, ஐ.டி.ஐ.யில் மெக்கானிக்கைக் குறிக்கும் 'கம்மியர்' அப்படியே உதவும். 'மறவர்', 'மள்ளர்' போன்ற சங்கச் சொற்கள் அழகானவைதான், ஆனால் இன்று அவை சமூகப் பெயர்கள். பதவிப் பெயராக வைக்க முடியாது.

ஒரு சொல்லை மட்டும் நாம் யோசித்துப் பயன்படுத்த வேண்டும்: வீராங்கனை. ஆண் என்றால் வீரர், பெண் என்றால் வீராங்கனை என்று செய்திகளில் பழகிவிட்டது. 'அங்கனை' என்பது வடமொழியில் பெண். அங்கம் என்ற சொல்லிலிருந்து வந்து, அழகிய உடலுறுப்புகளை உடையவள் என்று பொருள்படுவது. எல்லையில் துப்பாக்கியோடு நிற்பவரைக் குறிக்க உடலழகைச் சுமக்கும் சொல் எதற்கு? அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு முறையும் வீராங்கனை என்று பிரித்து எழுத எழுத, பொதுவாக விரிந்த 'வீரர்' மறுபடி ஆணுக்கு மட்டும் உரியதாகச் சுருங்குகிறது. ஆங்கிலத்தில் 'மேன்' சுருங்கிய அதே கதை. ஈழப் போரின் தமிழில் இருபாலாரையும் 'போராளி' என்றார்கள். போரில் இறந்த ஆணும் பெண்ணும் 'மாவீரர்' என்றே அழைக்கப்பட்டார்கள். பால் பிரிக்கத் தேவை ஏற்படவில்லை.

இந்தியாவில் இது நாளுக்கு நாள் நெருங்கி வரும் கேள்வி. ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்க உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ராணுவக் காவல் பிரிவில் 83 பெண்கள் கொண்ட முதல் அணி 2021 மே மாதம் பயிற்சி முடித்தது. அடுத்த ஆண்டு வந்த அக்னிபத் திட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'அக்னிவீர்' என்று ஒரே பெயர். தமிழில் அதை 'அக்னிவீரர்' என்று எழுதுகிறோம், பெண்ணாக இருந்தாலும் அப்படித்தான் எழுத வேண்டும். சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து வருபவர்களையும் 'அதிகாரிகள்' என்றே எழுதலாம். எத்தனை பேர் பெண்கள் என்பது செய்தியாக இருந்தால், அந்த எண்ணிக்கையைத் தனி வாக்கியமாகச் சொல்லிவிடலாம்.