பனியே பாதை, பனியே எண்ணெய்: பழைய ஸ்னோமொபைல்கள் ஓடும் விதம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஈகிள் ரிவர் என்று ஒரு சிற்றூர். 1964-லிருந்து அங்கே ஸ்னோமொபைல் பந்தயம் நடக்கிறது. ஸ்னோமொபைல் என்றால் முன்னால் ஸ்கிகளும் (சறுக்குப் பலகைகள்) அடியில் சுழலும் ட்ராக்கும் (பட்டை) கொண்ட பனிவண்டி. அரை மைல் நீள வட்டப் பாதை, தரை முழுக்க உறைந்த பனிக்கட்டி. ஜனவரியில் பழைய வண்டிகளுக்கென்றே தனிப் போட்டியும் உண்டு. பந்தயம் இல்லாத ஊர்களிலும் விண்டேஜ் (பழைய வண்டி) கூட்டங்கள் கூடுகின்றன. அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் குளிர்காலம் முழுக்க இதே கதைதான்.

பெரும்பாலும் இரண்டு பகுதியாக நடக்கும். முதலில் ஷோ. ஐம்பது, அறுபது வயதான வண்டிகள் உறைந்த ஏரியின் மேலோ மைதானத்திலோ வரிசையாக நிற்கும். பெயின்ட், பழைய ஸ்டிக்கர், கிழியாத சீட் எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. ஓரத்தில் உதிரி பாகச் சந்தை. அப்புறம் ரைடு. அதே வண்டிகள் காட்டுப் பாதையில் கிளம்பிப் போய்த் திரும்பி வர வேண்டும். ஷோவை அரை மணி நேரம் சுற்றிப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. இந்த வண்டிகளுக்குப் பனிதான் பாதை, பனிதான் மசகு எண்ணெய், சிலவற்றுக்குப் பனிதான் ரேடியேட்டர். அது நிற்கும் வண்டியில் தெரியாது.

முதல் கேள்வி, இது ஏன் பனியில் புதைவதில்லை? கொஞ்சம் கணக்குப் போடுவோம். பழைய வண்டி ஒன்று 150 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அடியில் சுமார் 38 செ.மீ. அகல ரப்பர் ட்ராக், அதில் ஒரு மீட்டர் நீளம் தரையில் படிகிறது. முன்னால் இரண்டு ஸ்கிகள். எல்லாம் சேர்த்தால் தொடும் பரப்பு 5,700 சதுர செ.மீ. அளவுக்கு வரும். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர் பனி தாங்க வேண்டியது வெறும் 40 கிராம். அதே மனிதர் பூட்ஸ் போட்டு ஒற்றைக் காலை ஊன்றினால் 300 கிராம் இறங்கும். வண்டியை விட்டு இறங்கிய ஆள் இடுப்பளவு புதைந்து நிற்க, பக்கத்தில் வண்டி மேலேயே உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

பாரத்தைப் பரப்ப வேண்டும் என்பது பனிக்காலணி செய்தவர்களுக்கு என்றைக்கோ தெரியும். பரப்பிய பட்டையைச் சுழல வைப்பதுதான் சிரமம். ஈகிள் ரிவருக்கு அருகிலுள்ள சேய்னர் ஊரில் கடை வைத்திருந்த கார்ல் எலியாசன் 1924-ல் ஒரு நீண்ட பலகைச் சறுக்குவண்டியில் இரண்டரை குதிரைத்திறன் படகு இன்ஜினைப் பூட்டி, நடுவே சுழலும் பட்டையை ஓட விட்டார். ஸ்கிகளைத் திருப்பக் கயிறு. 1927-ல் காப்புரிமை வாங்கினார். அந்த வண்டியைச் சேய்னரில் உள்ள வைலஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

கனடாவின் கியூபெக்கில், வால்கூர் என்ற ஊரில், ஜோசப் அர்மான் பொம்பார்டியே இதே சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் சீழ் வைத்துவிட்டது. சாலையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முடியாமல் குழந்தை இறந்துபோனது. பனியில் ஓடும் வண்டிக்கு அவர் 1937-ல் காப்புரிமை பெற்றது ஒரு பல்சக்கரத்துக்கும் பட்டைக்கும். இரும்புப் பல்சக்கரத்தில் பனி ஒட்டி இறுகி, பல்லிடுக்கை அடைத்துவிடும், பட்டை கழன்றுவிடும். அவர் சக்கரத்துக்கு ரப்பர் உறை போட்டார். ரப்பரில் பனி அவ்வளவாக ஒட்டாது, ஒட்டினாலும் ரப்பர் வளையும்போது உதிர்ந்துவிடும். ஒருவர் இருவர் ஏறும் அவருடைய சின்ன வண்டி 1959-ல் தான் வந்தது, ஸ்கி-டூ என்ற பெயரில். இடையில் இருபது வருஷம் போனதற்கு முக்கிய காரணம் இன்ஜின். போதுமான சக்தியோடு, ஒரு ஆள் தூக்கும் எடையில், நம்பகமான இன்ஜின் அதுவரை கிடைக்கவில்லை.

ஸ்கி-டூவில் முதலில் போட்டது ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். சீக்கிரமே ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் டூ ஸ்ட்ரோக் அந்த இடத்தைப் பிடித்தது. ஷோவில் நிற்கும் பழைய வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக்தான். எடை குறைவு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள். குளிர் தேசத்துக்கென்று இன்னொரு காரணம் இருக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும். மைனஸ் 30 டிகிரியில் அக்கால எண்ணெய்கள் கூழாகிவிடும். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய நினைத்தால் தோள்பட்டை கழன்றுவிடும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய்த் தொட்டியே அடியில் கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றிய எண்ணெயே உள்ளே போய் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைக்கிறது. இழுப்பது லேசு.

இழுத்துவிட்டால் மட்டும் போதாது. பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியாகித்தான் எரியும். கடுங்குளிரில் அது ஆவியாக மறுக்கும். அதனால் டேஷ்போர்டில் ஒரு சின்ன பம்ப் குமிழ் இருக்கும்: பிரைமர். அதை இரண்டு மூன்று தடவை அழுத்தினால் பெட்ரோல் திரவமாகவே நேராக உள்ளே பீய்ச்சும். அதில் சிறு பங்கு ஆவியானாலும் முதல் வெடிப்புக்குப் போதும். ரைடு தொடங்கும் காலையில் இந்தச் சடங்கைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பிரைமர், சோக், ஒரு இழுப்பு, ஒன்றுமில்லை. இன்னொரு இழுப்பு, ஒரு இருமல். அப்புறம் திடீரென்று நீலப் புகையோடு பிடித்துக்கொள்ளும். எந்த வண்டிக்கு எத்தனை அழுத்து என்பது ஓனருக்கு மட்டுமே தெரியும். கூடுதலாக ஒன்று அழுத்திவிட்டால் ஸ்பார்க் பிளக் நனைந்து, ஸ்பேனரைத் தேட வேண்டியதுதான்.

அந்த நீலப் புகையில் விஷயம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் கீழே இறங்கும்போது, அடியிலுள்ள அறையில் காத்திருக்கும் புதுக் கலவையை மேலே தள்ளுகிறது. அதே நேரத்தில் எரிந்த புகை வெளியேறும் வாசலும் திறந்தே இருக்கிறது. புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலேயே அந்த வழியாக ஓடிவிடும். பழைய இன்ஜின்களில் ஊற்றும் பெட்ரோலில் கால்வாசி வரை இப்படிப் போகக்கூடும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பழைய டூ ஸ்ட்ரோக்குகளுக்கு இடமில்லாமல் போனது இதனால்தான். ரசிகர்கள் அந்த வாசனையை ஆழ்ந்து இழுத்துச் சிலாகிப்பார்கள். அது அவர்கள் இஷ்டம். நுரையீரலுக்கு அது நல்லதல்ல.

ஷோவில் யாராவது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் அருகே போய் நில்லுங்கள். நடுவிலுள்ள பீங்கான் காபிக் கொட்டை நிறத்தில் இருந்தால் எல்லாம் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால்தான் அபாயம். குளிர் ஏற ஏறக் காற்று அடர்த்தியாகும். பூஜ்ஜியத்தைவிட மைனஸ் 30-ல் சுமார் 12 சதவீதம் அதிகக் காற்று அதே துளை வழியே நுழைகிறது. கார்புரேட்டர் பெட்ரோலை அதே விகிதத்தில் கூட்டித் தராது. பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரிகிறது. எண்ணெயும் பெட்ரோலோடுதானே வருகிறது, ஆகவே எண்ணெயும் குறைகிறது. சூடு கூடி எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் வீங்கி சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் பாஷையில் ‘சீஸ்’ ஆகிவிட்டது.

பழைய வண்டிகளில் இதற்கு இன்னொரு மறைமுகக் காரணமும் உண்டு. கிராங்க் தண்டின் இரு முனையிலும் உள்ள ரப்பர் சீல்கள் பல வருஷம் ஓடாமல் கிடந்து காய்ந்து வெடித்திருக்கும். அந்தக் கீறல் வழியே கூடுதல் காற்று புகும். வெளியே எண்ணெய்க் கசிவு பெரிதாகத் தெரியாது. இன்ஜின் வழக்கத்தைவிட உற்சாகமாகக்கூட ஓடும், சீஸ் ஆகும் வரை. விவரம் தெரிந்தவர்கள் பெயின்ட்டைத் தொடுவதற்கு முன் இன்ஜினின் வாய்களை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் எத்தனால். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய குழாய்களையும் கார்புரேட்டர் ஜவ்வுகளையும் அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். அதனால் எத்தனால் இல்லாத பெட்ரோல் எந்த பங்கில் கிடைக்கும் என்பது இந்தக் கூட்டங்களில் ஓயாத பேச்சு. நம்மூரில் 20 சதவீத எத்தனால் பற்றி நடக்கும் சண்டையைக் கேட்டவர்களுக்கு அங்கே அந்நியமாக இருக்காது.

இன்ஜினிலிருந்து ட்ராக்குக்குச் சக்தி போகும் வழி தமிழ் வாசகருக்கு ஏற்கெனவே பழக்கம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருக்கும் அதே பெல்ட்-புல்லி ஏற்பாடுதான். இன்ஜின் தண்டில் ஒரு புல்லி, அதன் இரு கன்னங்களும் விலகியோ நெருங்கியோ நகரும். வேகம் கூடும்போது உள்ளேயுள்ள எடைகள் வெளிப்பக்கம் விசிறி, கன்னங்களை நெருக்கும். பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். கியர் மாறியது போலாகிவிடும். ஸ்கூட்டரில் பின்சக்கரத்தருகே தனியாக ஒரு கிளட்ச் உண்டு. ஸ்னோமொபைலில் அது கிடையாது: ஐடிலில் கன்னங்கள் விலகி பெல்ட்டைத் தளர விட்டுவிடும், அவ்வளவுதான் கிளட்ச்.

பின்புல்லி இன்னும் சாமர்த்தியசாலி. அதற்குள் சரிவான ஒரு வெட்டு இருக்கிறது. மேடு வந்து ட்ராக் இழுக்கச் சிரமப்பட்டால், அந்த முறுக்கமே கன்னங்களை அந்தச் சரிவில் நகர்த்தி நெருக்கும். பெல்ட் அங்கே வெளிவிளிம்புக்கு ஏறி, தானாகவே கீழ் கியருக்கு வந்துவிடும். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு குறுகிய வேக எல்லைக்குள்தான் முழுச் சக்தி தரும். அந்த எல்லைக்குள் இன்ஜினைப் பிடித்து வைப்பதுதான் இரண்டு புல்லிகளின் கூட்டு வேலை. பனித்தூள் உள்ளே புகுந்து பெல்ட் நனைந்தால் வழுக்கும். வழுக்கினால் சூடாகும், சூடானால் கிழியும். ஹூட்டுக்கு (இன்ஜின் மூடி) அடியில் ஒரு மாற்று பெல்ட் கட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

ரைடில் வரிசையாகப் போகும்போது ஒரு வேடிக்கை நடக்கும். பனி தேய்ந்த வெற்றுத் தரையோ சாலைக் கடப்போ வந்தால் சிலர் பதறி ஓரத்துக் குவியலுக்கு வண்டியைத் திருப்புவார்கள். சிலர் கவலையே இல்லாமல் நேராகப் போவார்கள். வித்தியாசம் ட்ராக்கின் உள்ளே. 1960-களின் வண்டிகளில் ட்ராக்கை வரிசையான சின்ன ரப்பர் சக்கரங்கள் அழுத்திப் பிடித்தன. முதுகுத்தண்டுக்கு ஆகாத சவாரி, ஆனால் சக்கரம் எங்கும் உருளும். 1970-ஐ ஒட்டி ஸ்லைடு ரெயில் பரவியது. பிளாஸ்டிக் பட்டை பொருத்திய இரண்டு தண்டவாளங்கள்மேல் ட்ராக்கின் இரும்புக் கிளிப்புகள் வழுக்கிக்கொண்டே போகும். இடையில் மசகு எது? ட்ராக் வாரியடிக்கும் பனி உருகிய தண்ணீர். பனி இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் உருகத் தொடங்கும். தண்ணீர் சுற்றும் இன்ஜின் வைத்த வண்டிகளில் இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்ளும். ட்ராக்குக்கு மேலுள்ள குழாய்களில் பனி பட்டால்தான் அந்தத் தண்ணீர் குளிரும். காற்றில் மட்டும் குளிரும் இன்ஜின்காரர்களுக்கு வேறு தொல்லை, ஊர்வலம் போல மெதுவாகப் போனால் சூடேறிவிடும். எனவே ரைடில் எந்த வேகமும் எல்லோருக்கும் ஒத்துவராது.

முன் ஸ்கிகளும் இதே தண்ணீரை நம்பித்தான் வழுக்குகின்றன. உராய்வின் சூட்டில் பனியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் உண்டாகும். பூஜ்ஜியத்தை நெருங்கினால் நீர்ப்படலம் தடித்து ஸ்கியை உறிஞ்சிப் பிடிக்கும். மைனஸ் 30-ல் படலமே சரியாக உண்டாகாது, மணலில் இழுப்பது போல இருக்கும். வழுக்கும் பொருள் எப்படித் திரும்பும்? ஸ்கியின் அடியில் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. அது பனியைக் கீறிப் பிடிக்கிறது. ஆனால் ட்ராக் நேராகவே தள்ளிக்கொண்டிருக்கும், அதனால் ஓட்டுபவர் உடம்பை வளைவின் உட்பக்கம் சாய்த்து, அந்தப் பக்க ஸ்கியின் மேல் எடையைக் கொட்ட வேண்டும்.

இவ்வளவு வீக்கான வண்டிகளா என்று தோன்றும். 1960 மார்ச்சில் ஸ்னோமொபைல் செய்யும் போலாரிஸ் நிறுவனத்தின் எட்கர் ஹெட்டீனும் துணைவர்களும் அலாஸ்காவில் பெத்தலில் இருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை இத்தகைய வண்டிகளில் ஆயிரம் மைலுக்கு மேல் போனார்கள். 1968 ஏப்ரலில் மினசோட்டாவின் இன்ஷூரன்ஸ் விற்பனையாளர் ரால்ஃப் பிளெய்ஸ்டெட் குழு ஸ்கி-டூ வண்டிகளில் வட துருவத்தை அடைந்தது. அமெரிக்க விமானப்படை விமானம் அவர்கள் நிற்கும் இடத்தை உறுதி செய்தது. அடுத்த சில வருஷங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் களமிறங்கின. 1971 வாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் வண்டி விற்றது. பிறகு 1973 எண்ணெய் நெருக்கடி. பெரும்பாலானவை மூடிவிட்டன. ஷோவில் யாரும் கேள்விப்படாத பெயர்கள் நிற்பதும், உதிரி பாகச் சந்தையில் துருப்பிடித்த புல்லிக்கு ஆட்கள் பேரம் பேசுவதும் அந்த அலையின் மிச்சம்.

பார்க்க ஆசையிருந்து, மான்ட்ரியல் பக்கம் இருப்பவர்களுக்கு வால்கூர் ஒன்றரை மணி நேரக் கார் பயணம்தான். பொம்பார்டியேயின் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. ஷோவுக்குப் போவதானால் காலையில் ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்குப் போங்கள். பளபளக்கும் வண்டிகளைத் தாண்டி, ஹூட் திறந்து கிடக்கும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, “பெட்ரோலுக்கு எவ்வளவு எண்ணெய் கலக்கிறீர்கள்?” என்று கேட்டாலே போதும். இருபதுக்கு ஒன்றா, ஐம்பதுக்கு ஒன்றா என்பதில் அங்கே இரண்டு கட்சி உண்டு. பதில் முடிவதற்குள் ரைடு கிளம்பிவிடக்கூடும்.