டிநைட்ரிஃபிகேஷன்: நைட்ரேட் வளியாதல்

வயலில் போட்ட தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், ஒரு பங்கு பயிருக்கும் போகாமல், தண்ணீரோடும் போகாமல் வாயுவாகப் பறந்துவிடுகிறது. அதற்கான முக்கிய வழிகளில் ஒன்றுதான் டிநைட்ரிஃபிகேஷன். மண் நனைந்து ஆக்சிஜன் குறைந்ததும், சில பாக்டீரியாக்கள் அதற்குப் பதிலாக, மண்ணில் தழைச்சத்து இருக்கும் ஒரு வடிவமான நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. நைட்ரேட் நைட்ரைட்டாகி, அப்புறம் நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு என்று மாறி, கடைசியில் நைட்ரஜன் வாயுவாகிறது.

வேர்ச்சொல் நைட்ரான். பழைய கிரேக்கத்தில் அது சோடா உப்பு, பின்னாளில் வெடியுப்பையும் குறித்தது. அதிலிருந்து 1790-இல் பிரெஞ்சு வேதியியலாளர் சாப்டல் நைட்ரஜன் என்று பெயரிட்டார். 'டி' என்ற முன்னொட்டுக்கு நீக்குதல் என்று பொருள்.

தமிழில் நைட்ரஜன் வெளியேற்றம், நைதரசனிறக்கம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். முதலாவது எனக்குப் போதவில்லை, ஏனென்றால் யூரியா மேலாகக் கிடந்து அம்மோனியாவாக ஆவியாவதும் நைட்ரஜன் வெளியேறுவதுதானே, ஆனால் அது வேறு நிகழ்வு. எது, எதுவாக மாறுகிறது என்பதைச் சொல்லிவிடுவதால் 'நைட்ரேட் வளியாதல்' என்பதே சரி என்பேன்.

இதில் பாதி வழியில் தப்பும் நைட்ரஸ் ஆக்சைடுதான் கவலைக்குரியது. நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 273 மடங்கு வெப்பமூட்டும். மண்ணில் நைட்ரேட் மிகுந்து கிடந்தால் பாக்டீரியாக்கள் கடைசிப் படியை முடிக்காமல் விடுவதும் அதிகம். அதனால் எவ்வளவு உரம் என்பதோடு அதை எப்படிப் பரப்பினோம் என்பதும் முக்கியம். வீசும்போது ஒரு பட்டையில் இரண்டு முறை விழுந்து பக்கத்துப் பட்டை காலியாக விடப்பட்டால், மொத்த அளவு மாறாவிட்டாலும் வாயு கூடலாம்: பயிரின் தேவையைத் தாண்டிய தழைச்சத்துக்கு நைட்ரஸ் ஆக்சைடு பெரும்பாலும் நேர்விகிதத்தைவிட வேகமாக ஏறுகிறது, காலியான பட்டையில் குறைவது அதை ஈடுகட்டாது. அந்தப் பட்டை தண்ணீர் தேங்கும் தாழ்வில் இருந்தால் இன்னும் மோசம். மேலுரத்தைப் பிரித்துப் பிரித்து, பயிர் உறிஞ்சும் வேகத்துக்கு ஏற்றபடி இடச் சொல்வது இதற்காகவும்தான்.

நீர் நிற்கும் நெல் வயலில் மட்டும் கதை கொஞ்சம் மாறும். அங்கே யூரியாவைப் பெரிய குருணைகளாக 7 முதல் 10 செ.மீ. ஆழத்தில் புதைக்கிறார்கள். ஒரே இடத்தில் குவிந்திருந்தாலும், ஆக்சிஜன் இல்லாத அடுக்கில் அது பெரும்பாலும் அம்மோனியமாகவே தங்கிவிடும். அம்மோனியம் நைட்ரேட்டாக மாற ஆக்சிஜன் வேண்டும்; நைட்ரேட் உருவானால்தானே வளியாக?