மாவாக மாறாத சர்க்கரை: இனிப்பு மக்காச்சோளம் விதையிலிருந்து கதிராகும் விதம்

இனிப்பு மக்காச்சோள விதைப் பொட்டலத்தை முதன்முறையாகப் பிரிப்பவர், உள்ளே இருப்பவை பழைய விதைகளோ என்று ஐயுறக்கூடும். சாதாரண மக்காச்சோள மணி பருத்து வழவழப்பாக இருக்கும். இனிப்பு வகையின் விதையோ வற்றி, ஒடுங்கி, சுருக்கம் விழுந்து காணப்படும். விதை கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. மாவுச்சத்தைச் சரிவரச் செய்ய இயலாத ஒரு மரபணுக் குறைபாட்டின் வெளித்தோற்றமே அந்தச் சுருக்கம். கதிரின் இனிப்புக்கும், விதையின் முளைப்புத்திறன் குன்றியிருப்பதற்கும், பறித்த கதிரை அவசரமாக அடுப்பேற்ற வேண்டியிருப்பதற்கும் அந்த ஒரே குறைபாடுதான் காரணம். வீட்டுத் தோட்டத்தில் இப்பயிருக்குச் சொல்லப்படும் விதிமுறைகள் பலவும் அதிலிருந்தே பிறந்தவை.

இலைகளில் உருவாகும் சர்க்கரை, தண்டின் வழியாகக் கதிரை வந்தடைகிறது. சாதாரண மக்காச்சோளத்தில் மணிக்குள் இருக்கும் கருவூண் திசு அச்சர்க்கரையை வாங்கி, நொதிகளின் துணையோடு படிப்படியாக மாவுச்சத்தாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. பழைய இனிப்பு வகைகளில், மாவுச்சத்து மூலக்கூறின் கிளைகளை வெட்டிச் சீராக்கும் நொதி ஒன்று செயலிழந்திருக்கிறது. இதனால் அங்கே ஃபைட்டோகிளைக்கோஜன் என்னும், நீரில் கரையக்கூடிய பொருள் சேர்கிறது; அவ்வகை மணிகளைக் கடிக்கும்போது நாவில் தோன்றும் பாலேடு போன்ற வழவழப்பு அதனால் வருவதே. அமெரிக்க மரபியலாளர் ஜான் லாக்னன் 1953இல் கவனத்துக்குக் கொண்டுவந்த வேறொரு மரபணு மாற்றம் இன்னும் அடிப்படையான இடத்தில் கைவைக்கிறது. மாவுச்சத்து உருவாகும் பாதையின் தொடக்கத்திலுள்ள நொதியையே அது முடக்கிவிடுவதால், வந்து சேரும் சர்க்கரையின் பெரும்பகுதி சர்க்கரையாகவே தங்கிவிடுகிறது. கடைகளில் 'சூப்பர் ஸ்வீட்' என்று விற்கப்படுபவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றின் விதை காயும்போது நீர் வெளியேறிவிடும். உள்ளே இடத்தை நிரப்பப் போதிய மாவு இல்லாததால் தோல் மடிந்து ஒட்டிக்கொள்கிறது.

கருவுக்கு அந்த மாவுதான் வழிச்சாப்பாடு என்பதால், அது குறைந்த விதை மண்ணுக்குள் நீண்ட நாள் காத்திருக்க முடியாது. மண் குளிர்ந்திருந்தால் முளைப்பு மெதுவாகும். கையிருப்பு அதற்குள் தீர்ந்துவிடலாம். போதாக்குறைக்கு, நீரை உறிஞ்சத் தொடங்கும் தருணத்தில் விதையின் செல் சவ்வுகள் முழுமையாகச் சீரடைந்திருக்காததால் உள்ளிருக்கும் சர்க்கரை கசிந்து மண்ணில் பரவுகிறது. பூஞ்சைகள் அதை நாடி வந்து விதையை அழுகவைக்கின்றன. எனவே பழைய இனிப்பு வகைகளுக்கு மண்ணின் வெப்பநிலை ஏறக்குறைய 15 டிகிரி செல்சியஸையும், சூப்பர் ஸ்வீட் வகைகளுக்கு 18 டிகிரியையும் தாண்டிய பிறகு விதைப்பதே அறிவுடைமை. அவரை விதையைப் போல இரவு முழுவதும் நீரில் ஊறவைக்கும் பழக்கத்தை இங்கே கைவிடுவது நல்லது. நீர் ஒரேயடியாக உள்ளே பாயும்போது சவ்வுகள் மேலும் சேதமடையும். சீரான ஈரம் உள்ள, கட்டியில்லாத மண்ணில் சுமார் 2.5 சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு இரண்டு விதைகள் இட்டு மூடினால் போதும்.

விதையிலிருந்து முதலில் வெளிவருவது முளைவேர். அதன் பின்னர், கூரிய நுனியுடைய உறை ஒன்றுக்குள் சுருண்டிருக்கும் இளங்குருத்து மேல்நோக்கி நகர்கிறது. விதைக்கும் குருத்துக்கும் இடையில் இருக்கும் வெண்ணிறத் தண்டுப்பகுதி நீண்டுகொண்டே போய்க் குருத்தை மண்ணின் மேற்பரப்பை நோக்கித் தள்ளுகிறது. உறையின் நுனியில் ஒளி பட்ட மாத்திரத்தில் அந்த நீட்சி நின்றுவிடும். ஆழமாக விதைத்த விதையில் அத்தண்டு நீளமாகவும், மேலாக விதைத்ததில் குட்டையாகவும் இருக்குமே தவிர, செடியை நிலைநிறுத்தப்போகும் கணுவேர்கள் ஏறத்தாழ ஒரே ஆழத்தில், மேற்பரப்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் அளவில்தான் தோன்றும். களையெடுக்கும்போது தவறிப் பிடுங்கப்பட்ட நாற்று ஒன்றைக் கழுவிப் பார்த்தால், அடியில் ஒடுங்கிய விதை, அதற்கு மேல் வெண்மையான மெல்லிய தண்டு, அதன் முடிவில் புதிதாகக் கிளைக்கும் தடித்த வேர்கள் என்று இந்த அமைப்பு முழுவதும் கண்கூடாகத் தெரியும். ஏறக்குறைய ஆறு இலைகள் விரியும்வரை செடியின் வளர்நுனியும் மண்ணுக்குள்ளேயே பாதுகாப்பாக இருக்கிறது. அதற்குள் பூச்சியோ குளிரோ இலைகளை அழித்தாலும் செடி பெரும்பாலும் மீண்டெழும். இரண்டு நாற்றுகளும் முளைத்த குழியில் ஒன்றைக் கத்தரியால் வெட்டி நீக்குவது, பிடுங்குவதைவிட மேல். மற்றதன் வேர் அசையாது.

அதன்பின் வளர்ச்சி வேகமெடுக்கிறது. கரும்பைப் போலவே மக்காச்சோளமும், கரியமில வாயுவை முதலில் செறிவூட்டிக்கொண்டு பிறகு பயன்படுத்தும் சி-4 வகை ஒளிச்சேர்க்கையைக் கொண்டது. முழு வெயிலையும் வெப்பத்தையும் அது வீணாக்குவதில்லை. வேகத்துக்கேற்ப நைட்ரஜன் தேவையும் மிகுதி. அடியிலைகளின் நுனியில் தொடங்கி நடுநரம்பை ஒட்டி உள்நோக்கிப் பரவும் மஞ்சள் நிறம் நைட்ரஜன் பற்றாக்குறையைக் காட்டும். அடியுரமாக மட்கிய எருவும், செடி முழங்கால் உயரம் வரும்போது மேலுரமும் இட்டால் இப்பிரச்சினை பெரும்பாலும் எழாது. அடியில் கிளைக்கும் பக்கத்தூர்களைக் கிள்ளி எறியச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதனால் விளைச்சல் கூடுவதில்லை.

வீட்டுத் தோட்டங்களில் மக்காச்சோளம் ஏமாற்றுவது பெரும்பாலும் பூக்கும் காலத்தில்தான். ஆண்பூக்கள் செடியின் உச்சியில் குஞ்சமாகவும், பெண்பூக்கள் இலைக் கக்கத்தில் தோன்றும் கதிரிலும் தனித்தனியே அமைந்திருக்கின்றன. கதிரின் நுனியில் தொங்கும் பட்டு போன்ற இழை ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் ஒரே ஒரு சூலோடு இணைந்தது. இழைக்கு ஒரு மணி என்பதுதான் கணக்கு; எந்த இழையில் மகரந்தம் விழவில்லையோ அதற்குரிய இடம் கதிரில் வெற்றிடமாக நின்றுவிடும். கதிரின் அடிப்பகுதியைச் சேர்ந்த இழைகள் முதலிலும், நுனியைச் சேர்ந்தவை கடைசியிலும் உறைக்கு வெளியே வருகின்றன. பிந்தி வரும் இழைகளுக்கு மகரந்தம் எஞ்சாமல் போவது நுனி நிரம்பாமைக்கு ஒரு முக்கியக் காரணம். சிறு உபதகவல் ஒன்று: பெண்பூக்கள் இரட்டை இரட்டையாக உருவாவதால் கதிரில் மணி வரிசைகளின் எண்ணிக்கை இயல்பாக இரட்டைப்படையாகவே இருக்கும்.

மகரந்தத்தைக் கொண்டுசேர்ப்பது பூச்சிகள் அல்ல, காற்று. ஒரு குஞ்சம் பல இலட்சக்கணக்கான மகரந்தத் துகள்களை உதிர்த்தாலும், பிற புல்லினங்களின் மகரந்தத்தோடு ஒப்பிட்டால் அவை பெரியவை, கனமானவை. பெரும்பகுதி சில மீட்டர் தொலைவுக்குள்ளேயே விழுந்துவிடும். வேலியோரம் நீளமாக ஒற்றை வரிசையில் நட்டால், குறுக்கே வீசும் காற்று மகரந்தம் முழுவதையும் வெற்று நிலத்தில் கொட்டிவிடும். அதே பதினாறு செடிகளை நான்குக்கு நான்கு என்று சதுரமாக, செடிக்குச் செடி 25 முதல் 30 சென்டிமீட்டரும், வரிசைக்கு வரிசை 60 முதல் 75 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டு நட்டால், காற்று எத்திசையில் வீசினாலும் ஏதோ ஒரு குஞ்சம் ஏதோ ஒரு கதிருக்கு மேல்காற்றில் இருக்கும். இந்த ஒரு ஏற்பாடு, எந்த உரத்தையும்விடக் கதிரை நிரப்ப உதவும் என்பது என் துணிபு. நான்கைந்து செடிகளுக்கே இடமுள்ளவர்கள், பனி உலர்ந்த காலை வேளையில் குஞ்சத்தை ஒரு தாளின்மீது தட்டி, மஞ்சள் தூளாக விழும் மகரந்தத்தை இழைகளின்மீது நேரடியாகத் தூவலாம். இழைகள் நாள்தோறும் புதிதாக வெளிவருவதால் சில நாள்கள் தொடர்ந்து செய்ய வேண்டும். இக்காலத்தில் நீர் குறைந்தால் இழைகள் வெளிவரத் தாமதமாகும். குஞ்சம் மகரந்தத்தை உதிர்த்து முடித்த பின் அவை வந்து பயனில்லை.

இழையில் விழுந்த துகள் ஒரு நுண்குழாயை வளர்க்கிறது. அது இழையின் முழு நீளத்தையும் ஏறக்குறைய ஒரே நாளில் கடந்து சூலை அடையும். குழாய் கொண்டுவரும் இரண்டு ஆண் உட்கருக்களில் ஒன்று முட்டையோடு இணைந்து கருவாகிறது. மற்றது தாயின் இரண்டு உட்கருக்களோடு இணைந்து, நாம் உண்ணும் கருவூணாகிறது. ஆகவே தந்தைச் செடியின் இயல்பு அடுத்த தலைமுறைக்குக் காத்திராமல் இதே கதிரிலேயே வெளிப்பட்டுவிடும். பக்கத்து நிலத்துச் சாதாரண மக்காச்சோளத்தின் மகரந்தம் வந்து விழுந்தால், செயல்படும் மரபணு அதன் வழியாக உள்ளே நுழைந்து அந்த மணியில் மாவுச்சத்தைச் செய்யத் தொடங்கிவிடுகிறது. இரண்டு வேறு இனிப்பு மரபணு வகைகளை அருகருகே வளர்த்தாலும் இதே விளைவுதான்: ஒன்றில் கெட்ட நொதி மற்றதில் நன்றாக இருப்பதால், இரண்டும் சேர்ந்த மணியில் குறை நீங்கி, மாவு நிறைந்து, இனிப்பு மறைகிறது. விதைக்காக விட்டு உலர்த்திய கதிரில் இத்தகைய மணிகள், சுருங்கியவற்றின் நடுவே உருண்டு திரண்டு தனித்துத் தெரியும்; பார்வைக்குச் சிறந்த விதையாகத் தோன்றும் அவற்றையே விலக்க வேண்டும். வகைகளுக்கு இடையே எழுபது, எண்பது மீட்டர் தொலைவு வைக்க வீட்டுத் தோட்டத்தில் இடமிருக்காது என்பதால், பூக்கும் காலம் ஒன்றோடொன்று சேராதபடி இரண்டு வாரம் முன்பின்னாக விதைப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

இழைகள் தோன்றியதிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் கதிர் பறிக்கும் பருவத்தை அடைகிறது; வெப்பம் மிகுந்தால் சற்று முன்னதாகவே ஆகிவிடும். இழைகள் காய்ந்து பழுப்பானதும், உறையைச் சிறிது விலக்கி ஒரு மணியை நகத்தால் கீறிப் பார்க்கலாம். தெளிந்த நீர் வந்தால் இன்னும் முற்றவில்லை. பால் வந்தால் பக்குவம். பசைபோல் வந்தால் பருவம் தவறிவிட்டது. பறித்த பின்னும் மணி உயிரோடு இருப்பதால் சுவாசமும், பழைய இனிப்பு வகைகளில் எஞ்சியிருக்கும் நொதிகளின் வேலையும் சர்க்கரையைத் தொடர்ந்து கரைத்துக்கொண்டிருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் பாதிக்கு மேல் குறைந்துவிடக்கூடும். அவ்வகைக் கதிர்களை அதிகாலையில் பறித்து அன்றே சமைப்பது சிறந்தது. சூப்பர் ஸ்வீட் வகைகளில் மாவாக மாறும் பாதை தொடக்கத்திலேயே அடைபட்டிருப்பதால், குளிர்பெட்டியில் சில நாள்கள் வைத்தாலும் இனிப்பு அவ்வளவாகக் குறையாது; மணிகள் நீரிழந்து குழிவிழாமல் இருக்க, உறையை உரிக்காமலே வைக்க வேண்டும்.