ஒர்க்அவுட்டுக்கு மியூசிக் ப்ளேயர் வாங்கப் போறீங்களா? காதைப் பத்தி யோசிச்சுட்டு வாங்குங்க

சவுண்ட் ப்ரூஃப் ரூமுக்குள்ள ஒருத்தரை ஹெட்போன் மாட்டி உக்கார வச்சு, சத்தம் கேட்டா உடனே பட்டனை அமுக்குங்கன்னு சொல்லிட்டு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மெஷின் முன்னாடி உக்காந்திருப்பேன். காது எவ்ளோ கேக்குதுன்னு பரிசோதிக்கிற ஆடியாலஜிஸ்ட்டா என் தினசரி வேலை இதுதான். போன வருஷம் ஒரு தம்பி வந்திருந்தார், முப்பது வயசு கூட ஆகல, தினமும் ஓடுறவர், உடம்பைப் பாத்தாலே தெரியும். 500 ஹெர்ட்ஸ் (ஹெர்ட்ஸ் ஏற ஏற சத்தம் கீச்சுன்னு ஆகும்), 1000, 2000 எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு அமுக்கினவர் 4000 வந்ததும் கையையே அசைக்கல. நான் சத்தத்தோட அளவை 5 டெசிபல் 5 டெசிபலா ஏத்திட்டே போறேன், அவர் பாட்டுக்கு பட்டன் மேல கட்டை விரலை வச்சுக்கிட்டு பொறுமையா என்னையே பாத்துட்டு இருக்கார், நான் இன்னும் சத்தமே போடலன்னு நினைச்சுட்டு. 40 தாண்டினதுக்கு அப்புறம்தான் அமுக்கினார். 8000-ல மறுபடி நல்லா கேட்டுச்சு. கிராஃப்ல பாத்தா நேரா போற கோடு ஒரு இடத்துல மட்டும் பள்ளத்துல விழுந்து ஏறி வர்ற மாதிரி இருக்கும், எங்க ஃபீல்டுல இருக்குற யார்கிட்ட அந்தக் கிராஃபைக் காட்டினாலும் முதல் கேள்வி "என்ன சத்தத்துல இருக்கார் இவர்?"னுதான் வரும்.

ஃபேக்டரி வேலையா, இல்ல. துப்பாக்கி பயிற்சி, ட்ரம்ஸ், எதுவும் இல்ல. பாட்டு கேப்பீங்களான்னு கேட்டேன், ஓடும்போது மட்டும்தான் மேடம், தினமும் ஒரு மணி நேரம்னார். ப்ளேயர் பாக்கெட்லயே இருந்துச்சு. ஓடும்போது வைக்கிற அதே வால்யூம்ல ஒரு பாட்டைப் போடச் சொல்லி, அந்த இயர்போனை எங்ககிட்ட இருக்குற அளக்குற கருவியில மாட்டிப் பாத்தேன், காதுக்குள்ள இருக்குற இடத்தோட அளவுக்கே செஞ்ச சின்னக் குழிவு அது. 95 டெசிபலைத் தாண்டி நின்னுச்சு.

இந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு கொஞ்சம் நிதானமா சொல்லிடறேன், ஏன்னா ப்ளேயர் வாங்குற விஷயமே இதுல இருந்துதான் ஆரம்பிக்குது. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வச்சிருக்குற அளவு வாரத்துக்கு 80 டெசிபல்ல 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபல்ல 40 மணி நேரம். 3 டெசிபல் ஏறினா சத்தத்தோட சக்தி ரெண்டு மடங்காகுது, அதனால கேக்கக்கூடிய நேரம் பாதியாயிடும். 83-ல 20 மணி நேரம், 86-ல 10, 89-ல 5, 92-ல ரெண்டரை, 95-க்கு வந்தா வாரம் முழுக்க சேத்து ஒண்ணேகால் மணி நேரம்தான். அந்தத் தம்பி திங்கக்கிழமை ஓட்டத்துலயே அதுல முக்கால்வாசிக்கு மேல செலவழிச்சிட்டார், மீதி ஆறு நாளும் காதுக்குக் கடன்தான். உள்காதுல ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 15,000 மயிரிழைச் செல்கள்தான் இருக்கு, பொறக்கும்போது இருக்குறதோட சரி, செத்தா திரும்ப முளைக்காது. தசை மாதிரி ரெஸ்ட் குடுத்தா வளரும்ங்கற பேச்சே இல்ல.

சரி, அவ்ளோ சத்தம் ஏன் வச்சார்? சத்தப் பைத்தியம் எல்லாம் இல்ல, ரொம்ப அமைதியான ஆள். நான் அவர் இயர்போனை காதுல மாட்டச் சொல்லிப் பாத்தேன், இடது காதுல சரியா உக்காரவே இல்ல, தாடையை அசைச்சா நழுவுது. இயர்போன் நழுவி இடுக்கு விழுந்தா முதல்ல வெளியேறிப் போறது பேஸ்தான், அந்த "தும் தும்" இல்லாம ஓட முடியலன்னு வால்யூமை ஏத்துறோம், வெளிச் சத்தமும் அதே இடுக்கு வழியா உள்ள வருதுன்னு இன்னும் ஏத்துறோம். டிராயர்ல இருந்து ஒரு சைஸ் பெரிய சிலிகான் டிப் (இயர்போன் முனையில மாட்டுற ரப்பர் மூடி) எடுத்து இடது பக்கத்துக்கு மட்டும் மாத்திக் குடுத்தேன், ஸ்பீக்கர்ல ரோட்டு இரைச்சலை ஓட விட்டுட்டு, உங்களுக்குப் போதும்ங்கற அளவுக்கு நீங்களே வைங்கன்னேன். அவரா நிறுத்தின இடத்தை அளந்து பாத்தா 10 டெசிபல் கிட்ட குறைஞ்சிருந்துச்சு. பாட்டு இப்பதான் நல்லா கேக்குதுன்னு வேற சொன்னார். ரெண்டு காதும் ஒரே சைஸ்ல இருக்கணும்னு அவசியம் இல்லைங்க, நிறைய பேருக்கு இல்ல, ஆனா டப்பாவுல கூட வர்ற மத்த டிப்பை எடுத்து மாட்டிப் பாக்குறவங்க ரொம்பக் கம்மி.

அதனால யாராவது என்கிட்ட எந்த ப்ளேயர் வாங்கலாம்னு கேட்டா, எவ்ளோ சத்தமா பாடும்னு பாக்காதீங்க, எவ்ளோ கம்மி சத்தத்துல உங்களுக்குத் திருப்தியா கேக்கும்னு பாருங்கன்னுதான் சொல்லுவேன். மாட்டிக்கிட்டு கடையிலயே இருபது தடவை குதிச்சுப் பாருங்க, கூச்சப்படாதீங்க, வாயைத் திறந்து மூடிப் பாருங்க, நழுவுச்சுன்னா வேண்டாம். அடுத்தது வால்யூம் லிமிட் இருக்கான்னு செட்டிங்ஸ்ல போய்ப் பாருங்க. ஐரோப்பாவுல இஎன் 50332-னு ஒரு தரநிலை இருக்கு, அதுப்படி 85 டெசிபலைத் தாண்டணும்னா ப்ளேயர் எச்சரிக்கை காட்டி நம்மகிட்ட சம்மதம் கேக்கணும், எப்படியும் 100-ஐத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2018-ல எச்.870-னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அதுல டிவைஸே வாரம் முழுக்க நீங்க கேட்ட சத்தத்தைக் கூட்டிக் கணக்கு வச்சு, இவ்ளோ சதவீதம் ஆயிடுச்சுன்னு சொல்லணும். இப்ப நிறைய போன்ல அந்தக் கணக்கு இருக்கு, யாரும் திறந்து பாக்குறது இல்ல. பேர் தெரியாத மலிவான சின்ன ப்ளேயர்கள்ல லிமிட்டும் இருக்காது, வால்யூம் படியும் பத்தோ பன்னெண்டோதான் இருக்கும், ஒரு படி ஏத்தினா கத்தும் ஒரு படி இறக்கினா கேக்காது, நடுவுல நிக்கவே இடம் இல்ல. படி நிறைய இருக்குறதை வாங்குங்க. சாதாரணமா தெரியும் ஆனா தினமும் கை வைக்கப் போறது அங்கதான்.

போன் இருக்கும்போது தனியா ப்ளேயர் எதுக்குன்னு கேக்குறவங்க உண்டு. நியாயமான கேள்விதான், நடக்குறதுக்கும் வெயிட் தூக்குறதுக்கும் போனே போதும். ஓடுறவங்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும், 200 கிராம் கிட்ட வர்ற போனை ஒரு கையில கட்டிக்கிட்டு ஓடுறதும், சட்டையில க்ளிப் மாட்டிட்டு மறந்து போறதும் ஒண்ணு இல்ல. 1979-ல வந்த முதல் வாக்மேன்ல கேசட் சுத்தும், குலுங்கினா பாட்டு இழுக்கும். 2001-ல வந்த முதல் ஐபாட்ல உள்ள ஹார்ட் டிஸ்க் சுத்திட்டு இருந்துச்சு. ஃப்ளாஷ் மெமரி வந்தப்புறம்தான் உள்ள சுத்துற பாகமே இல்லாம போச்சு, ஐபாட் ஷஃபிளோட கடைசி மாடல் வெறும் 12.5 கிராம். 2022-ல ஐபாட் வரிசையையே நிறுத்திட்டாங்க, ஆனா க்ளிப் மாடல் எம்பி3 ப்ளேயர்கள் மத்த கம்பெனிகள்ல இன்னும் வருது. 4 ஜிபி இருந்தாலே 128 கேபிபிஎஸ்ங்கற சாதாரண எம்பி3 தரத்துல நாலு நிமிஷப் பாட்டு ஆயிரம் பிடிக்கும், அதனால பெரிய மெமரிக்குக் காசு குடுக்காதீங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே யோசிச்சுக்கோங்க, உங்க பாட்டெல்லாம் ஸ்ட்ரீமிங் ஆப்லயே இருந்தா சாதாரண எம்பி3 ப்ளேயர்ல அதை ஏத்த முடியாது, ஆப்ல டவுன்லோட் பண்ணி வச்சாலும் அது அந்த ஆப்புக்குள்ள மட்டும்தான் ஓடும், அப்படிப்பட்டவங்க பாட்டைச் சேமிச்சு வைக்கிற ஸ்மார்ட் வாட்ச் பாக்குறது நல்லது.

பட்டன் விரலுக்குத் தெரியிற மாதிரி அமுக்குற பட்டனா இருக்கட்டும், வேர்த்த கையில டச் ஸ்கிரீன் சரியா வேலை செய்யாது, பாட்டை மாத்த ட்ரெட்மில்ல குனிஞ்சு பாத்து விழுந்தவங்களை எனக்குத் தெரியும்.

வேர்வை பத்தி. டப்பா மேல ஐபிஎக்ஸ்4-னு போட்டிருந்தா எந்தப் பக்கம் இருந்து தண்ணி தெறிச்சாலும் தாங்கும்னு அர்த்தம், ஜிம்முக்கும் ஓட்டத்துக்கும் அதுதான் குறைஞ்சபட்சம். ஐபிஎக்ஸ்7-னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கும். ஆனா இந்த டெஸ்ட் எல்லாம் நல்ல தண்ணியில பண்றது, நம்ம வேர்வையில உப்பு இருக்கு. ஓடி முடிச்சதும் ஈரத்துணியால துடைச்சு, காய்ஞ்சப்புறம் சார்ஜ் போடுங்க, ஈரத்தோட சார்ஜ்ல போட்டா அந்த மெட்டல் புள்ளிகள்ல கரண்ட் ஓடி சீக்கிரமே அரிச்சுப் போயிடும், ஆறு மாசத்துல செத்துப்போற இயர்போன்ல நிறைய இப்படித்தான் சாகுது.

நீச்சலுக்குன்னா கதையே வேற. ப்ளூடூத் ஓடுற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை தண்ணி நல்லாவே உறிஞ்சிடும், தலை உள்ள போனதும் கனெக்‌ஷன் போயிடும், வாட்டர் ப்ரூஃப்னு போட்டிருக்கேன்னு வாங்கி ஏமாந்துடாதீங்க. பாட்டு இயர்போனுக்குள்ளயே சேமிக்கிற மாடலாத்தான் வேணும். எலும்பு வழியா அதிர்வை அனுப்புற போன் கண்டக்‌ஷன் (இங்க போன்னா எலும்பு, செல்போன் இல்ல) மாடல்கள் தண்ணிக்குள்ள நல்லாவே வேலை செய்யும், காதுல ப்ளக் வச்சுக்கிட்டா இன்னும் அழுத்தமா கேக்கும், அதனால ப்ளக் வச்சப்புறம் வால்யூமைக் குறைக்க மறக்காதீங்க.

இந்த போன் கண்டக்‌ஷனைப் பத்தி ஒரு தப்பான நம்பிக்கை பரவிக் கெடக்கு, அதைச் சொல்லியே ஆகணும். காது ஓட்டையை அடைக்காது, செவிப்பறையைத் தொடாது, அதனால எவ்ளோ வச்சாலும் காதுக்கு ஆபத்து இல்லன்னு என்கிட்டயே வந்து சொல்றாங்க. செவிப்பறை வழியா போனாலும் எலும்பு வழியா போனாலும் கடைசியில அந்த அதிர்வு போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதான், அதே உள்காது, அதே மயிரிழைச் செல்கள். அதோட உண்மையான நன்மை பின்னாடி வர்ற வண்டிச் சத்தம் கேக்கும்ங்கறது. ரோட்டுல ஓடுறவங்களுக்கு அது பெரிய விஷயம், உயிர் விஷயம், அதுக்காக நான் தாராளமா சிபாரிசு பண்ணுவேன். ஆனா காது திறந்திருக்குறதால வண்டி இரைச்சல் முழுசா உள்ள வரும், அதை மீறிக் கேக்கணும்னு வால்யூமை ஏத்தினா அந்த நன்மையும் போச்சு காதும் போச்சு. ட்ராஃபிக் இருக்குற ரோட்டுல பாட்டு சரியா கேக்கலன்னா அந்த நேரத்துக்குப் பாட்டு வேண்டாம்னு நிறுத்திட்டு, தெரு அமைதியானதும் போடுங்க. முழுசா அடைக்கிற இயர்போன் போட்டு ரோட்டுல ஓடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன்.

ஜிம்ல நிலைமை தலைகீழ். அங்க ஏற்கனவே ஸ்பீக்கர்ல பாட்டு அலறும், அதுக்கு மேல நம்ம பாட்டை ஏத்துறோம். அங்கதான் நல்லா அடைக்கிற டிப்பும் நாய்ஸ் கேன்சலிங்கும் காதைக் காப்பாத்தும். ட்ரெட்மில் மோட்டார், ஃபேன் மாதிரி ஒரே சீரா வர்ற தாழ்ந்த இரைச்சலை அது நல்லா அடக்கும், திடீர்னு தரையில விழுற இரும்புச் சத்தத்துக்கு அவ்ளோவா உதவாது. அடைச்ச காதுல ஓடினா நம்ம காலடியே மண்டைக்குள்ள தொப்பு தொப்புன்னு கேக்கும், மூச்சும் கேக்கும். இயர்போன் கெட்டுப் போச்சுன்னு நினைக்காதீங்க, எலும்பு வழியா வர்ற சத்தம் வெளிய போக வழி இல்லாம உள்ளயே தங்குறதுதான். அதை மறைக்கிறதுக்காக வால்யூமைத் தொடாதீங்க, பிடிக்கலன்னா பாதி திறந்த மாடலுக்கு மாறிடுங்க.

உற்சாகம் சத்தத்துல இருந்து வர்றதில்ல, வேகத்துல இருந்துதான் பெரும்பாலும் வருது. நிமிஷத்துக்கு 120-ல இருந்து 140 தாளத் தட்டு இருக்குற பாட்டு உடற்பயிற்சிக்கு ஒத்துப்போகும்னு இந்தத் துறையில ஆராய்ச்சி பண்றவங்க ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றாங்க. பழைய தம்பிகிட்டயும் அதைத்தான் சொன்னேன், கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல வால்யூமை ஏத்துறதுக்குப் பதிலா வேகமான பாட்டை அந்த இடத்துல வர்ற மாதிரி லிஸ்ட்டை அடுக்கிக்கோங்கன்னு.

டிப்பை வாரம் ரெண்டு தடவை கழட்டி சோப்புத் தண்ணியில கழுவி நல்லா காய வைங்க. வேர்வையும் சூடும் அடைப்பும் சேர்ந்தா காது ஓட்டைத் தோல் ஊறி இன்ஃபெக்‌ஷன் வரும், மழைக்காலத்துல என்கிட்ட வர்ற நிறைய பேருக்கு இதுதான் பிரச்சனை. காது அழுக்கு தானா வெளிய தள்ளிட்டு வரும், இயர்போனை மணிக்கணக்கா வச்சிருந்தா அதை மறுபடி உள்ள தள்ளுறோம், அப்புறம் காட்டன் பட்ஸ் விட்டுக் குடைஞ்சு இன்னும் உள்ள தள்ளுறோம். அந்தக் காட்டன் பட்ஸைத் தொடாதீங்க. இயர்போனை அடுத்தவங்களுக்குக் குடுக்காதீங்க.

அந்தத் தம்பி எட்டு மாசம் கழிச்சு மறுபடி வந்தார், க்ளிப் ப்ளேயர், வால்யூம் லிமிட் போட்டிருக்கார், இடது காதுக்கு பெரிய டிப், வலது காதுக்கு சின்னது. அந்தப் பள்ளம் அப்படியேதான் இருக்கு, அது ஏறாது, ஆனா ஆழமாகல, பக்கத்துல 3000-மும் 6000-மும் இறங்கல. ஓடி முடிச்சதும் காதுல கேட்டுட்டு இருந்த "கீஈஈ"ங்கற சத்தம் இப்ப வர்றதில்லன்னார். உங்களுக்கு ஒர்க்அவுட் முடிஞ்சதும் அப்படி ஒரு சத்தமோ, காதுல பஞ்சு வச்ச மாதிரி ஒரு மந்தமோ இருந்தா அன்னைக்கு வச்ச வால்யூம் அதிகம்னு எடுத்துக்கோங்க, மறுநாளும் போகலன்னா ஆடியோகிராம், அதாவது நான் சொன்ன அந்தக் கிராஃப் டெஸ்ட், எடுத்துப் பாருங்க. திடீர்னு ஒரு பக்கக் காது கேக்காம போச்சுன்னா மட்டும் நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க, அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போயிடுங்க, ஆரம்பத்துலயே மருந்து குடுத்தா திரும்ப வர வாய்ப்பு இருக்கு.